அடுப்பில்லாத அறையில் பத்து வாரம்

சென்னை திருவல்லிக்கேணியில் மேன்ஷன் எனப்படும் வாடகை அறை விடுதி ஒன்றில் தங்கியிருக்கும் இளைஞனின் சாப்பாடு குறித்த நிகழ்வு ஆய்வு

மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தசோகை என்று வருகிறவர்களுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். காலையில் காய்கறி போட்ட கோதுமை ரவை உப்புமா, மதியம் ஒரு கப் சோறு, கீரைக் கூட்டு, மாலையில் முளைகட்டிய பயறு, ஒரு வாழைப்பழம், இரவில் இரண்டு சப்பாத்தி. போன செப்டம்பரில் என் அக்கா மகன் அதே மாதிரி ஒரு தாளை என்னிடம் நீட்டினான். அடிக்கடி தலைவலி, மலச்சிக்கல், மதியத்துக்கு மேல் அசதி என்று எங்கோ போய்க் காட்டியிருக்கிறான். அங்கே எழுதிக் கொடுத்தது.

"மாமா, இதுல எத என் ரூம்ல செய்ய முடியும்? நீங்களே சொல்லுங்க."

தாளை இரண்டு முறை படித்தேன். வாழைப்பழத்தைத் தவிர ஒன்றும் தேறவில்லை. அதுவரை நான் எழுதிக் கொடுத்த தாள்கள் எல்லாம் ஒரு அடுப்பும், ஒரு ஃப்ரிட்ஜும், சமைத்துப் போட ஒரு ஆளும் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதியவை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. எத்தனை பேர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை. அவனோடு பத்து வாரம் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததற்கு அதுதான் காரணம். அவன் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

அறை

வயது 24. எடை 58 கிலோ. ஊர் கோவில்பட்டிப் பக்கம். ரிச்சி தெருவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பில் போடும் வேலை. சம்பளம் 17,000 ரூபாய். அறை வாடகையில் அவன் பங்கு 4,000, ஊருக்கு அனுப்புவது 5,000. இரண்டு கட்டில் போட்டால் நடுவில் ஒருவர் நடக்கலாம், அவ்வளவுதான் அறை. தண்ணீர் வராந்தாக் குழாயில். குடிக்க 20 லிட்டர் கேன். ஃப்ரிட்ஜ் கிடையாது. படிக்கட்டுச் சுவரில் "அறையில் சமைக்கக் கூடாது" என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது. ஜன்னல் ஓரத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். எலி உண்டு, கரப்பான் உண்டு.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதில்லை. தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வேலை தேடி, பரீட்சைக்குப் படிக்க, சினிமாவில் முயற்சி செய்ய வந்த பல தலைமுறைப் பையன்கள் இந்த அறைகளில் இருந்துதான் சென்னையைப் பார்த்தார்கள். சுற்றிலும் மெஸ், டீக்கடை, பரோட்டாக் கடை, பிரியாணிக் கடை. பசிக்கு இங்கே பஞ்சமில்லாமல் கிடைக்கும். என்ன கிடைக்கிறது என்பதுதான் விஷயம்.

ஊரில் அவன் வீட்டு ரேஷன் அட்டைக்கு விலையில்லாமல் அரிசி கிடைக்கிறது. அவனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அடுப்பில்லாதவனிடம் அரிசியைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்?

ஏழு நாள் கணக்கு

முதலில் எதையும் மாற்றச் சொல்லவில்லை. ஏழு நாள், வாயில் போட்ட ஒவ்வொன்றையும் விலையோடு போனில் குறித்து வைக்கச் சொன்னேன். "வெக்கமா இருக்கு மாமா" என்று மூன்றாம் நாள் சொன்னான். நான் கேட்டுக்கொண்டதெல்லாம் பொய் எழுத வேண்டாம் என்பது மட்டும்தான்.

வாரத்துக்கு மொத்தம் 1,470 ரூபாய், அதாவது நாளுக்கு 210. மதியச் சாப்பாட்டுக்கு 560. இரவுக்கு, பெரும்பாலும் பரோட்டா சால்னா, 420. மிச்சம் 490 ரூபாய் டீ, வடை, பிஸ்கட், பப்ஸ். ஆக, டீக்கடைக்குப் போனது இரவுச் சாப்பாட்டுக்குப் போனதைவிட அதிகம். காலைச் சாப்பாடு என்ற ஒன்றே கணக்கில் இல்லை. எழுந்ததும் ஒரு டீ, கடையில் பத்தரைக்கு ஒரு டீயும் வடையும்.

நாளுக்கு ஐந்து டீ. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். ஐந்துக்கு 50. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது. டீயிலேயே அதைப்போல இரண்டு மடங்கு. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ, சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமலும் தடுக்கும். அவன் மதியச் சாப்பாடு முடிந்ததும் தவறாமல் குடிப்பவன்.

ஏழு நாளில் பழம் ஒன்றுகூட இல்லை. கீரை ஒரு வேளை. முட்டை இரண்டு, அதுவும் கலக்கியாக. பால் டீயில் மட்டும். பருப்பு சாம்பாரில் மட்டும், அதுவும் தண்ணி சாம்பார். அவன் எடைக்கு ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்ற கணக்கில் 48 கிராம் புரதம் வேண்டும். என் தோராயக் கணக்கில் 35-ஐத் தாண்டவில்லை.

இன்னொன்றையும் அவன் பழைய ஜிபே கணக்கைப் பார்த்துக் கண்டுபிடித்தோம். மாதத்தின் முதல் பத்து நாள் பிரியாணி, சிக்கன் ரைஸ், ஜூஸ். நடுப் பத்து நாள் மெஸ். கடைசிப் பத்து நாள் பன்னும் டீயும், அல்லது மதியம் வாங்கிய பார்சலில் பாதியை மிச்சம் பிடித்து இரவு பத்து மணிக்குச் சாப்பிடுவது. வயிறு கெட்டு இரண்டு முறை லீவு போட்டதும் மாசக் கடைசியில்தான்.

அந்தப் பார்சலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிடக்கக் கிடக்கக் கிருமி பெருகும். சென்னை வெயிலில் மூடிய பொட்டலம் ஒன்பது மணி நேரம் அந்தச் சூட்டில்தான் கிடக்கிறது. சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நஞ்சைக் கக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடு செய்தாலும் போகாது. "அப்ப பழைய சோறு மட்டும் எப்படி மாமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. வெறும் சோற்றை நன்றாக ஆறவைத்து, மூழ்கும் அளவு சுத்தமான தண்ணீர் ஊற்றி வைத்தால் அது புளித்துவிடும். அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளை எளிதில் வளர விடாது. சாம்பாரும் பொரியலும் கலந்து பிளாஸ்டிக் தாளில் கட்டிய பொட்டலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

சோறு வெளியில், மிச்சம் அறையில்

கணக்கைப் பார்த்துவிட்டு நான் முதலில் யோசித்தது ஒரு சின்ன ரைஸ் குக்கர் வாங்கிக் கொடுக்கலாம் என்றுதான். நல்லவேளை, செய்யவில்லை. இப்படிப்பட்ட அறையில் இருக்கிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை அது. ஆனால் வெளியில் மலிவாகக் கிடைப்பதே சோறும் இட்லியும்தான். மலிவாகக் கிடைப்பதை எதற்கு அறையில் சமைக்க வேண்டும்? அம்மா உணவகத்தில் 2013-ல் தொடங்கியபோது வைத்த விலைதான் இன்னும்: இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. எந்த வீட்டு அடுப்பாலும் இந்த விலைக்கு ஆக்க முடியாது.

வெளியில் கிடைக்காதது, கிடைத்தாலும் விலை ஏறிப்போவது என்ன? பயறு, முட்டை, பால், பழம், பச்சைக் காய், கடலை. இவற்றில் பாதிக்கு நெருப்பே வேண்டாம். மீதிக்குக் கொதிக்கும் தண்ணீரும் கால் மணி நேரமும் போதும். அதனால் வேலையை இரண்டாகப் பிரித்தோம். வயிறு நிறைகிற சமாச்சாரம் எல்லாம் வெளியில் வாங்குவது. உடம்புக்கு வேண்டிய மிச்சத்தை மட்டும் அறையில் பார்த்துக்கொள்வது. இந்த ஆய்வில் நான் கற்றுக்கொண்டது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதைச் செய்து பார்த்த கதை.

கெட்டிலும் பிளக் பாயிண்டும்

"சமைக்கக் கூடாது" என்பது மேன்ஷன் மேனேஜரின் விதி. அவரும் தெற்கத்திக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. தண்ணீர் கொதிக்க ஒரு கரண்ட் கெட்டிலை மறைத்து வைத்துச் செய்யலாம் என்று அவன் சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நேரில் போய்க் கேட்டோம்.

"தம்பி, இண்டக்‌ஷன் வச்சு ஒருத்தன் போன வருசம் வயரையே கருக்கிட்டான். நான் எப்படி விடுவேன்?"

அவர் பயம் நியாயமானது. அந்த அறைகளின் பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது அதிகபட்சம் 1,380 வாட். கடைகளில் சாதாரணமாக விற்கும் கெட்டில் 1,500 வாட், அதாவது ஆறரை ஆம்பியர். பழைய வயரில் அதைத் தினமும் ஓட்டினால் பிளக் சூடாகி இளகும். இண்டக்‌ஷன் அடுப்பு அதைவிட மோசம். 600 வாட் பல்பயன் கெட்டில் இழுப்பது இரண்டரை ஆம்பியர் சொச்சம்தான். அவர் மேசையில் இருந்த பழைய பில்லின் பின்பக்கத்தில் இதை எழுதிக் காட்டினேன். கால் மணி நேரம் ஓடினால் 0.15 யூனிட், ஒரு மாதம் முழுக்கத் தினமும் இருமுறை ஓட்டினாலும் 9 யூனிட். மூன்று நிபந்தனையோடு சம்மதித்தார். தாளிப்பு, பொரிப்பு கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டக் கூடாது. பக்கத்தில் ஆள் இல்லாமல் ஓடக் கூடாது.

கெட்டில் 1,150 ரூபாய். வாய் அகலமானது, முட்டை வைக்கும் தட்டோடு. ஒரு லிட்டர் ஃபிளாஸ்க் 550. மூடி இறுக்கமான டப்பா நான்கு, எலிக்காக. ஒரு கத்தி, ஒரு எலுமிச்சைப் பிழிவான், ஒரு மெல்லிய பருத்தித் துண்டு. 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. அந்தப் பணம் நான் கொடுத்தது. அவன் கையிலிருந்து ஒரே தடவையில் 2,000 எடுக்கச் சொல்லியிருந்தால் இது நடந்தே இருக்காது. ஏழைக்கு மலிவான வழி தெரியாமல் இல்லை. அந்த வழிக்குள் நுழையும் முதல் தொகைதான் கையில் இருப்பதில்லை.

ஒரு நாள்

நாலைந்து வாரம் அடித்துத் திருத்திய பிறகு நிலைத்த நாள் இப்படி இருந்தது.

காலை ஏழரைக்கு கெட்டிலில் இரண்டு முட்டை. ஓட்டைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் உள்ளே போகும். அது வேகும் நேரத்தில் குளித்துவிட வேண்டாம் என்பது அண்ணாச்சியின் மூன்றாவது நிபந்தனை, ஆகவே அந்த நேரம் துணி மடிக்கும் நேரம் ஆனது. முட்டையோடு இறங்கி, நடக்கிற தூரத்தில் உள்ள அம்மா உணவகத்தில் நான்கு இட்லி. முட்டை 14 ரூபாய், இட்லி 4. புரதம் சுமார் 19 கிராம். சென்னையில் 18 ரூபாய்க்கு இதைவிட நல்ல காலைச் சாப்பாடு எனக்குத் தெரியாது.

மதியம் கடைக்குப் பக்கத்து மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு, 75 ரூபாய். அங்கே ஒரே ஒரு மாற்றம்தான். "இரண்டாவது தடவை சோறு வேணாம்ணே, பொரியல் கொஞ்சம் கூட வைங்க" என்று கேட்பது. முதல் நாள் கேட்க அவனுக்குக் கூச்சம். பரிமாறுகிறவர் முகம் சுளிக்காமல் ஒரு கரண்டி கூட்டும் சேர்த்து வைத்தார். சாப்பாடு முடிந்ததும் டீ கிடையாது. ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

மாலை டீக்கு முன்னால் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை. கடலை ஊரிலிருந்து வந்தது. கோவில்பட்டிக்காரனுக்குக் கடலையைப் பற்றி நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. 30 கிராமில் 7 கிராம் புரதம், கையில் பிசுக்கு இல்லை, ஃப்ரிட்ஜ் வேண்டாம். வடையின் இடத்தை அது பிடித்துக்கொண்டது.

இரவு எட்டரைக்கு அறைக்கு வந்ததும் பாசிப்பயறு. காலையில் கிளம்பும்போது டப்பாவில் 40 கிராம் பயறை ஊறப்போட்டுவிட்டுப் போவான். வந்ததும் தண்ணீரை மாற்றி கெட்டிலில் இருபது நிமிடம். வடித்து, துருவாமல் பொடியாக நறுக்கிய கேரட், வெள்ளரி, சின்ன வெங்காயம், உப்பு, எலுமிச்சை. ஜாம் பஜாரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்கும் காய் புதன்வரை தாங்கும், அதன்பிறகு ஒரு சின்ன வாங்கல். எலுமிச்சை ருசிக்காக மட்டும் இல்லை. பயறிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி கை கொடுக்கும். கொய்யாவும் அதற்குத்தான். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி, அவனுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 80. ஆப்பிள் வாங்கித் தின்னால்தான் உடம்பு தேறும் என்று அக்கா போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா, கொய்யா போதும். கால் விலைக்குக் கிடைக்கிறது.

பயறைத் தின்றுவிட்டு இறங்கி, தெருமுனைத் தள்ளுவண்டியில் மூன்று இட்லியோ இரண்டு தோசையோ, 30 ரூபாய். பசி பாதி அடங்கியபிறகு போவதால் பரோட்டா இழுக்கவில்லை என்றான். படுப்பதற்கு முன் பால். அரை லிட்டர் நீல ஆவின் பாக்கெட் 20 ரூபாய். அறையில் கூட இருக்கும் பையனோடு பங்கு. ஆளுக்கு 250 மில்லி, 8 கிராம் புரதம்.

கூட்டினால் நாளுக்கு 170 ரூபாய் சொச்சம், புரதம் 60 கிராமை ஒட்டி. டீ இரண்டாகக் குறைந்தது, அதற்கு 24 ரூபாய் தனி. பழைய 210-க்கு இது 15 ரூபாய் குறைவு. "அவ்வளவுதானா?" என்று அவனுக்கு முதலில் ஏமாற்றம். மாதத்துக்கு 450 ரூபாய்தான் மிச்சம், உண்மை. ஆனால் முதல் தேதியும் முப்பதாம் தேதியும் ஒரே மாதிரி சாப்பாடு. மாசக் கடைசியில் கடன் வாங்காமல் இருந்தது அவன் வேலைக்கு வந்த பிறகு அதுதான் முதல் தடவை. எனக்கு அந்த 450-ஐவிட இது பெரிது.

தவறியவை

முளைகட்டுவது தோற்றது. டாக்டர் தாளில் இருந்தது என்பதற்காக முதல் வாரம் முயன்றோம். மூடிய டப்பாவில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். மாலையில் வழவழவென்று ஆகி நாற்றம் எடுத்துவிட்டது. கூட இருக்கும் பையன் அறையை விட்டே வெளியே போனான். துணியில் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டால் வரும், வந்தது. ஆனால் முளைகட்டிய பயறைப் பச்சையாகத் தின்பதை நான் ஊக்குவிப்பதில்லை. பயறு முளைக்கும் ஈரமும் சூடும் வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமிக்கும் பிடிக்கும். எப்படியும் வேகவைக்கத்தான் போகிறோம் என்றால், வெறுமனே ஊறவைத்தாலே போதும். வைட்டமின் சி-யில் கொஞ்சம் இழப்பு, அதைக் கொய்யா பார்த்துக்கொள்ளும்.

ராஜ்மா பக்கம் போக வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். பக்கத்து அறைக்காரர் ஒருவர் கொதிக்கும் தண்ணீரோடு ராஜ்மாவை ஃபிளாஸ்க்கில் போட்டு மூடிவைக்கலாமா என்று கேட்டார். கூடவே கூடாது. அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் பொருள் சில கொட்டைகளிலேயே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும். நன்றாகக் கொதிக்கிற தண்ணீரில் அரை மணி நேரமாவது வெந்தால்தான் அது அழியும். ஃபிளாஸ்க்கின் சூடு போதாது. ஃபிளாஸ்க்குக்கு ஏற்றது கோதுமை ரவை, ஓட்ஸ் மாதிரியானவை. ஒரு கைப்பிடி கோதுமை ரவைக்கு இரண்டரை மடங்கு கொதிநீர் ஊற்றி மூடி முக்கால் மணி நேரம் விட்டால் மென்மையாக ஊறிவிடும்.

பாலை கெட்டிலில் காய்ச்சியது மூன்றாம் நாள். பொங்கி வழிந்து, அடியில் பிடித்து, இரண்டு நாள் தீய்ந்த வாடை. பிறகு பாலை டம்ளரில் ஊற்றி, கெட்டிலில் கொதிக்கும் தண்ணீருக்குள் நிறுத்திச் சூடாக்கினான். பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டுரைஸ் செய்தது, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்கியது, வாங்கி வந்ததுமே குடித்துவிட்டால் போதும். தயிர் வாங்குவதை விட்டுவிட்டோம். காலையில் வாங்கினால் மாலைக்குள் கண் சுருங்கும் புளிப்பு.

நான்காவது வாரம் தீபாவளி. ஊருக்குப் போய் ஐந்து நாள் அக்கா கையால் தின்றுவிட்டு வந்தவன் ஒரு வாரம் கெட்டிலைத் தொடவே இல்லை. போனில் கேட்டபோது "செய்யிறேன் மாமா" என்றான், செய்யவில்லை. நான் கோபப்பட்டது தப்பு. பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு மாடிப்படி ஏறி வருகிறவனுக்குக் காய் நறுக்குவதே ஒரு மலை. அதனால் அவனுக்கு "ஒண்ணும் முடியாத நாள்" ஒன்றை வகுத்தோம். அன்றைக்குச் சிவப்பு அவல், பொட்டுக்கடலை, வெல்லம், வாழைப்பழம். அவலில் பாலை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும், வேறு வேலை இல்லை. சோம்பலுக்கு இடம் வைத்த பிறகுதான் திட்டம் நின்றது. இப்போது நான் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு தாளிலும் அந்த நாளுக்கு ஒரு வரி உண்டு.

கீரை மட்டும் இன்றுவரை தீராத குறை. கெட்டிலில் வேகவைத்துப் பார்த்தான். பச்சை வாடை, மண், வழித்தெடுக்க முடியாத அடிப்பகுதி. அக்கா முருங்கைக்கீரையை நிழலில் காயவைத்துப் பொடித்து, பருப்புப் பொடியோடு ஆம்னி பஸ்ஸில் மாதம் ஒரு பொட்டலம் அனுப்பினாள். பயறில் ஒரு ஸ்பூன் தூவிக்கொள்வான். பொடியை கீரைக்கு ஈடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள் மெஸ்ஸில் கீரைக் கூட்டு போடும் நாளைத் தெரிந்து வைத்துக்கொண்டு அன்று தவறாமல் போவது, அவ்வளவுதான் முடிந்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் 400 கிராம் காய்கறியில் பாதியைத் தொட்டிருப்பான். 85 கிராம் பருப்பு, பயறு, முட்டை வகையைத் தொட்டுவிட்டான். அந்த அறைக்கு இது போதும் என்று நான் ஏற்றுக்கொண்டேன்.

வாரம் ஒரு முறை கேழ்வரகுக் கூழ், வெயில் நாளில் தெருவண்டியில், மோர் மிளகாயும் வெங்காயமும் தொட்டுக்கொண்டு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் இருக்கிறது. கரைக்கும் தண்ணீர் கேன் தண்ணீரா என்று கேட்டுவிட்டுக் குடிக்கச் சொன்னேன். ஞாயிறு மாலை மெரினாவில் தேங்காய் மாங்காய்ச் சுண்டல், காசைப் பார்க்காமல். மசால் பூரிக்குப் பதில் சுண்டல் தின்கிறவனை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உடம்பில் என்ன ஆனது

மலச்சிக்கல் மூன்றாவது வாரத்திலேயே போனது. பயறு, கொய்யா, தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் போகாமல் என்ன செய்யும். தலைவலி வாரத்தில் நான்கு நாளிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. காலையில் சாப்பிட ஆரம்பித்ததாலா, டீ குறைந்ததாலா என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆளை வைத்து முடியாது. எடை 58-லிருந்து 59. அசதி குறைந்தது என்று அவனே சொன்னான். ரத்தப் பரிசோதனை எடுக்கவில்லை, எடுத்திருக்கலாம்.

இது ஒரு ஆணின் கணக்கு. அதே தெருவில் பெண்கள் விடுதியில் இருக்கும் ஒருத்திக்கு இதை அப்படியே கொடுக்க முடியாது. ஆணுக்கு நாளுக்கு 19 மில்லிகிராம் இரும்பு போதும், பெண்ணுக்கு 29 வேண்டும். சாப்பாடோ இவனைவிடக் குறைவாகவே சாப்பிடுவாள். பல விடுதிகளில் இரவானால் வெளியே இறங்கவும் விடமாட்டார்கள், ஆகவே தள்ளுவண்டி இட்லியும் இல்லை. அவளுக்குக் கடலையும் பேரீச்சையும் எள்ளுருண்டையும் அறையில் கூடுதலாக வேண்டும், கெட்டில் இன்னும் அவசியம்.

அண்ணாச்சியிடம் ஒன்று கேட்டு வைத்திருக்கிறேன். மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு கடப்பைக்கல் மேடை, 16 ஆம்பியரில் தனி வயர், இரண்டு கெட்டில், ஒரு கழுவும் தொட்டி. நாற்பது பேர் தங்கும் கட்டடத்துக்கு இது பெரிய செலவில்லை. அறைக்குள் நெருப்பு வேண்டாம் என்ற அவர் விதியும் நிற்கும். "ஓனர்ட்ட பேசிப் பாக்கேன் தம்பி" என்றார். இன்னும் பேசவில்லை.

நவம்பர் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், மெஸ் பூட்டு, கரண்ட் இல்லை, கெட்டில் இருந்தும் வேலைக்கு ஆகாது. இது வரும் என்று தெரியும், திருவல்லிக்கேணியில் மழை எல்லா வருடமும் வருகிறது. தீபாவளி முடிந்ததுமே ஒரு டப்பாவைத் தனியாகக் கட்டி வைக்கச் சொல்லியிருந்தேன்: ஒரு கிலோ அவல், அரை கிலோ பொட்டுக்கடலை, அரை கிலோ கடலை, வெல்லம், பேரீச்சை, பால் பவுடர். மூன்று நாளைக்கு ஒருவருக்கு ஏராளம் என்று கணக்குப் போட்டிருந்தேன். இரண்டாம் நாள் மாலை அவன் போன் செய்தான். "மாமா, டப்பா காலி. பக்கத்து ரூம் பசங்க மூணு பேரு, அப்புறம் அண்ணாச்சியும் ஒரு டம்ளர் அவல் வாங்கிட்டுப் போனாரு."

அடுத்த மழைக்கு டப்பா இரண்டு கிலோ அவலோடு இருக்கிறது. நான்கு அறைக்காரர்களும் ஆளுக்கு 60 ரூபாய் போட்டிருக்கிறார்கள்.